போன் வருகிறது, எதைப் பார்த்து வருகிறது?



நம் டிரஸ்டின் வட்டியில்லாக் கடனுக்கு விண்ணப்பிக்கும் சகோதர சகோதரிகள், பணத்தை என்னென்ன வகையில் செலவிடப் போகிறோம் என்று எழுதித் தருகிறார்கள். தையல் மிஷின், கியாஸ் அடுப்பு, டூல்ஸ், கடை அட்வான்ஸ் என்று வரிசையாக இருக்கும். கடைசியில் பெரும்பாலும் 'விளம்பரம்' என்று ஒரு வரி இருக்கும். மிஷினுக்கு பில் உண்டு, மிஷினையும் கண்ணால் பார்க்கலாம். விளம்பரத்துக்குப் போன பணம் என்ன ஆயிற்று என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "போன்லாம் வருது பாய்" என்ற பதில்தான் வரும். நோட்டீஸைப் பார்த்தா, ஃபிளக்ஸைப் பார்த்தா, கேபிள் டிவியில் ஓடும் எழுத்தைப் பார்த்தா, இல்லை பக்கத்து வீட்டம்மா சொல்லியா என்று கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு. வட்டியில்லாக் கடன் என்பது சுற்றிச் சுற்றி வரும் பணம். ஒருவர் கட்டும் தவணைதான் அடுத்தவருக்குக் கடனாகப் போகிறது. பலன் தராத விளம்பரத்தில் ஐயாயிரம் ரூபாய் கரைந்தால், அந்தத் தொழிலுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. தவணை பிந்தும். வரிசையில் அடுத்து நிற்கும் குடும்பம் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கும். கடன் வாங்காமல் சொந்தக் கையிருப்பில், அல்லது வெளிநாட்டில் பத்து வருடம் உழைத்துச் சேர்த்த காசில் தொழில் தொடங்கியவருக்கும் இதே கணக்குத்தான். விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த விளம்பரம் போனைக் கொண்டு வருகிறது என்று தெரிந்துகொண்டு அடுத்த ரூபாயைப் போடுங்கள் என்கிறேன். அதற்குப் பெரிய படிப்போ கம்ப்யூட்டரோ தேவையில்லை.

வெளியே உள்ள வியாபாரிகள் இதை நூறு வருடத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் தபால் மூலம் பொருள் விற்ற கம்பெனிகள் பல பத்திரிகைகளில் ஒரே விளம்பரத்தைக் கொடுக்கும். ஆனால் முகவரியில் மட்டும் ஒரு சின்ன மாற்றம் இருக்கும். ஒரு பத்திரிகையில் ஒரு பிரிவு எண், இன்னொன்றில் வேறு எண். வந்து சேரும் கடிதத்தின் மேல் உள்ள எண்ணைப் பார்த்தாலே, எந்தப் பத்திரிகையைப் படித்தவர் எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பரக்காரர் 1923-ல் எழுதிய 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற புத்தகத்தில் இந்த முறையை வலியுறுத்தினார். கூப்பனில் அடையாளம் போடு, திரும்பி வருவதை எண்ணு, பலன் தராத விளம்பரத்தை நிறுத்து என்பது அவர் கட்சி. பழைய பத்திரிகைகளில், விளம்பரதாரருக்கு எழுதும்போது இந்தப் பத்திரிகையின் பெயரைக் குறிப்பிடவும் என்று அடியில் ஒரு வரி போட்டிருப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தக் கணக்குக்காகத்தான்.

கடிதம் போய்ப் போன் வந்த பிறகு, நம் நாட்டுக்கே உரிய ஒரு முறை உருவானது. அதுதான் மிஸ்டு கால். 1995-ல் இங்கே செல்போன் வந்தபோது, வருகிற அழைப்புக்கும் காசு. 2003 மே மாதத்திலிருந்துதான் வருகிற அழைப்பு இலவசமானது. பேசுவதற்குக் காசு இருந்த அந்தக் காலத்தில், ஒரு ரிங் விட்டுக் கட் செய்வது ஒரு மொழியாகவே ஆகிவிட்டது. 'வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன்', 'நீயே கூப்பிடு' எல்லாம் ஒரு ரிங்கில் முடியும். 2010-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஜிப்டயல் என்ற கம்பெனி இதையே தொழிலாக்கியது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி நம்பர் கொடுப்பார்கள். மக்கள் மிஸ்டு கால் கொடுத்தால் போதும். எந்த நம்பருக்கு எத்தனை மிஸ்டு கால் என்று எண்ணினால் எந்த விளம்பரம் வேலை செய்தது என்று தெரியும். 2015 ஜனவரியில் ட்விட்டர் நிறுவனமே அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. இதே காலத்தில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி, கரண்டும் டிவியும் சரியாக இல்லாத பீகார், ஜார்க்கண்ட் கிராமங்களில் 'கான் கஜூரா தேசன்' என்று ஒன்றை நடத்தியது. ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டுப் பாட்டும் சிரிப்பும் இலவசமாகக் கேட்கவைப்பார்கள். இடையிடையே கம்பெனி விளம்பரம் வரும். 2014-ல் பிரான்ஸின் கான் நகர விளம்பர விழாவில் அதற்குத் தங்க விருது கிடைத்தது.

2016-ல் ஜியோ வந்து பேச்சு இலவசம் என்றான பிறகு மிஸ்டு காலுக்குத் தேவை குறைந்துவிட்டது. இப்போது நேராகவே கூப்பிடுகிறார்கள். ஆனால் இந்தக் கதைகளில் உள்ள சூத்திரம் ஒன்றுதான்: ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு தனி வாசல் வை, எந்த வாசல் வழியாக ஆள் வருகிறார் என்று பார். அந்த வாசல் தபால் எண்ணாக இருக்கலாம், போன் நம்பராக இருக்கலாம், ஒரு சொல்லாகவும் இருக்கலாம். நம் மாவட்டத்தில் ஏசி மெக்கானிக்கோ, பிரியாணி ஆர்டர் எடுப்பவரோ, வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் சகோதரியோ இதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, பெயர், ஊர், என்ன கேட்டார், எதைப் பார்த்துக் கூப்பிட்டார், ஆர்டர் ஆனதா, எவ்வளவுக்கு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். அல்குர்ஆனின் மிக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் (2:282). கடனை எழுதி வைக்கப் பழகிய சமுதாயத்துக்கு இது புதிய வேலை இல்லை. நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் நோட்டு செத்துவிடும். போனை வைத்ததும் எழுத வேண்டும். வேலைக்கு நடுவே முடியாதென்றால், இரவு இஷாவுக்குப் பிறகு போனில் உள்ள கால் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைய அழைப்புகளை வரிசையாக எழுதிவிடுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

'எதைப் பார்த்துக் கூப்பிட்டார்' என்பதை அவரிடமேதான் கேட்க வேண்டும். கேட்கிற நேரம் முக்கியம். போனை எடுத்தவுடன் "எங்கே பார்த்துக் கூப்பிடுறீங்க?" என்றால், ஏதோ விசாரணை போல இருக்கும். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லி, விலையும் சொல்லி, பேச்சு இளகிய பிறகு கேளுங்கள்.

"சரிண்ணே, நாளைக்குப் பத்து மணிக்கு ஆள் அனுப்புறேன். நம்ம நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"ஒரு நோட்டீஸ் கிடந்துச்சு பாய், வீட்டுல எடுத்து வச்சிருந்தாங்க."

"என்ன கலர் நோட்டீஸ்ணே?"

"மஞ்சள்னு நினைக்கிறேன்."

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. நோட்டீஸ் அடிக்கும்போது பிரஸ்ஸில் சொல்லி ஊருக்கு ஒரு கலர் பேப்பரில் அடிக்கச் சொல்லுங்கள். அறந்தாங்கிக்கு மஞ்சள், ஆவுடையார்கோவிலுக்குப் பச்சை, மணமேல்குடி பக்கம் ரோஸ். நோட்டீஸில் என்ன எழுதியிருந்தது என்பதை ஜனங்கள் மறந்துவிடுவார்கள், கலரை மறக்க மாட்டார்கள். கலர் பேப்பர் என்பதால் செலவும் பெரிதாகக் கூடாது.

'பார்த்தீர்களா, கேட்டீர்களா' என்று நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. "கேபிள் டிவியில பார்த்தீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்கு "ஆமா" என்றுவிடுவார்கள். "எப்படிக் கிடைச்சுது?" என்று திறந்து கேளுங்கள்.

"சொன்னாங்க" என்ற பதில்தான் நம் பக்கம் அதிகம் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். "யார் சொன்னாங்கன்னு தெரிஞ்சா அவங்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லுவேன்" என்று கேட்டால் பெயரைச் சொல்வார்கள். மூன்று மாத நோட்டைப் புரட்டினால், இரண்டு மூன்று பேரின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒரு ஹார்டுவேர் கடைக்காரராக இருக்கலாம், ஒரு பள்ளிக்கூட டீச்சராக இருக்கலாம். ஃபிளக்ஸுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதிக்கு அவர்கள் வீட்டு வேலையைச் சலுகையில் செய்து கொடுப்பது நல்ல விளம்பரம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது சிம்

இப்போதைய போன்களில் பெரும்பாலும் இரண்டு சிம் போடலாம். ஒரு சிம் உங்கள் பழைய நம்பர். இன்னொன்றை நோட்டீஸுக்கு என்று வைத்துக்கொண்டால், போன் அடிக்கும்போதே எந்த சிம்முக்கு வருகிறது என்று திரை காட்டிவிடும். கேட்காமலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆனால் எதற்கு எந்த நம்பரைப் போடுவது என்பதில் கவனம் வேண்டும். ஒரு வாரத்தில் குப்பைக்குப் போகும் நோட்டீஸுக்கும், ஒரு மாதம் ஓடும் கேபிள் விளம்பரத்துக்கும் புது நம்பரைப் போடுங்கள். சுவர் விளம்பரம், கடை போர்டு, தினசரி காலண்டர், விசிட்டிங் கார்டு இவற்றுக்கெல்லாம் பழைய நம்பர்தான். காரணம், சுவரில் எழுதியது ஐந்து வருடம் நிற்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமலும் கிடந்தால் அந்த நம்பர் துண்டிக்கப்படலாம், பிறகு வேறு ஒருவருக்கும் போகலாம். நீங்கள் காசு கொடுத்து எழுதிய சுவர் யாருக்கோ போன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். சோதனைக்குப் புது நம்பர், நிலைத்து நிற்பதற்குப் பழைய நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரீசார்ஜ் செலவைப் பற்றி ஒரு செய்தி. இன்டர்நெட் வேண்டாம், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் போதும் என்பவர்களுக்குத் தனித் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அதன்படி 365 நாள் வரை செல்லும் திட்டங்களும் அனுமதிக்கப்பட்டன. கடைக்காரர் எடுத்தவுடன் டேட்டா திட்டத்தைத்தான் காட்டுவார். இதைக் கேட்டு வாங்குங்கள். சிம்மை உங்கள் ஆதாரிலேயே எடுங்கள். ஒருவர் பெயரில் 9 சிம் வரை இருக்கலாம், தம்பி பெயரிலோ மச்சான் பெயரிலோ எடுக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் பெயரில் என்னென்ன நம்பர் இருக்கிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விளம்பரத்துக்கு ஒரு நம்பர் என்று கணினி மூலம் வழங்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. மாதச் சந்தா கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நூறு போன் வரும் ஆஸ்பத்திரிக்கோ டிராவல்ஸுக்கோ அது சரி. ஐந்து பத்து போன் வரும் நமக்கு நோட்டும் சிம்மும் தாராளம்.

சகோதரிகளுக்கு இரண்டாவது சிம் இன்னொரு விதத்திலும் அவசியம். தையல், மெஹந்தி, ஆரி வேலை, வீட்டுப் பலகாரம் என்று தொழில் செய்கிறவர்கள் சொந்த நம்பரை நோட்டீஸில் போட்டால், ஆர்டரோடு வேண்டாத போனும் வருகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு வெறுமனே "ஹலோ" என்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தொழில் நம்பரைத் தனியாக வைத்தால், மாலையில் அந்த சிம்மை ஆஃப் செய்துவிடலாம். இந்த மாதிரி அழைப்புகளையும் நோட்டில் ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு விளம்பரம் பத்து ஆர்டரையும் முப்பது தொல்லையையும் கொண்டு வருகிறதென்றால், அந்தத் தொல்லையும் அதன் விலைதான். போனை மகனோ கணவரோ எடுக்கும் வீடுகளில், எடுப்பவருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பும் கூகுள் மேப்பும்

2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் லேபிள் என்று ஒரு வசதி உண்டு. பேசுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கலர்ச் சீட்டு ஒட்டி வைக்கலாம். 'நோட்டீஸ்', 'ஸ்டேட்டஸ்', 'சொன்னாங்க', 'கூகுள்' என்று நான்கு சீட்டு போட்டுக்கொண்டால், மாதக் கடைசியில் ஒவ்வொரு சீட்டிலும் எத்தனை பேர் என்று பார்த்துவிடலாம். கியூஆர் கட்டமும் அதிலேயே கிடைக்கும். யாராவது ஸ்கேன் செய்தால், நாம் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு வரி அவர் பக்கத்திலிருந்து மெசேஜாக வர வைக்கலாம். 'மஞ்சள் நோட்டீஸ் பார்த்தேன், விலை சொல்லுங்கள்' என்று எழுதி வைத்தால் அவரே விடையைச் சொல்லிவிடுகிறார். விளம்பரத்துக்கு ஒரு வரி என்று பல கட்டம் வேண்டுமானால், கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் செய்து தருவார்கள்.

நம் பகுதிக்கு உள்ள ஒரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் பக்கம் பல வீடுகளில் வேலை நடப்பது இங்கே, முடிவெடுப்பவர் இருப்பது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ. அத்தா வீட்டு ஏசியை மாற்றுவதும், அகீகா விருந்துக்கு ஆர்டர் கொடுப்பதும் அங்கிருந்து நடக்கிறது. 65, 60, 971 என்று தொடங்கும் நம்பரைப் பார்த்தாலே ஊர் தெரியும். அவர்கள் நம் சுவர் விளம்பரத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. யாரோ அனுப்பிய ஸ்டேட்டஸையோ படத்தையோ பார்த்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகப் பேச முடியாது, எழுத்தும் குரல் பதிவும்தான் வரும். ஆகவே போன் அழைப்பை மட்டும் எண்ணினால் துபாய் வாடிக்கையாளர் கணக்கிலேயே வரமாட்டார். விசாரித்து வரும் வாய்ஸ் மெசேஜையும் ஒரு அழைப்பாகவே நோட்டில் எழுதுங்கள்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வதற்குக் காசு இல்லை. பதிவு செய்தவர் தன் கடைக்கான பக்கத்தைத் திறந்தால், மாதத்துக்கு எத்தனை பேர் 'அழை' என்ற பொத்தானைத் தொட்டார்கள் என்று காட்டும். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது பொத்தானைத் தொட்ட கணக்குதான், பேசி முடித்த கணக்கு இல்லை. தொட்டுவிட்டு உடனே கட் செய்தவரும் அதில் இருப்பார். மேப்பில் நம்பரைப் பார்த்துக் கையால் அடித்துக் கூப்பிட்டவர் அதில் இருக்க மாட்டார். யார் கூப்பிட்டார்கள் என்பதும் அதில் தெரியாது. அழைப்பு விவரப் பட்டியல் என்று கூகுள் முன்பு வைத்திருந்த வசதியை 2024 ஜூலை 31-ஓடு எடுத்துவிட்டார்கள். எனவே கூகுள் காட்டும் எண்ணை உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூகுள் நாற்பது என்று சொல்ல, நோட்டில் பதினைந்துதான் இருந்தால், மீதிப் பேருக்கு நீங்கள் போனை எடுக்கவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும்.

எடுக்காத போன்தான் நம் தொழில்களில் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். பைக்கில் போகும்போது, அடுப்படியில் நிற்கும்போது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் வரும் போன்கள் தவறிவிடும். அது குற்றமில்லை. ஆனால் திரும்பக் கூப்பிடாமல் விட்டுவிட்டு, "நோட்டீஸ் அடிச்சும் ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று சொல்வது நியாயமில்லை. நோட்டீஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, போனை அடிக்க வைத்துவிட்டது. தவறிய அழைப்புகளையும் நோட்டில் எழுதி, திரும்பக் கூப்பிட்டதும் டிக் போடுங்கள். அந்த டிக் இல்லாத வரிகள் அதிகமாக இருந்தால், புது விளம்பரத்துக்குக் காசு போடுவதை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் போனை எடுக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

எண்ணியதை வைத்து என்ன செய்வது?

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது யாருடைய கணக்கும் இல்லை, புரிவதற்காகச் சொல்கிறேன். ஓர் ஏசி மெக்கானிக் இரண்டு மாதத்தில் நோட்டீஸ் அடித்துப் பேப்பரோடு வைத்துக் கொடுக்க 3,000 ரூபாய் செலவு செய்கிறார். கேபிள் டிவியில் கீழே எழுத்து ஓட 4,000 ரூபாய். நோட்டீஸைப் பார்த்து 30 போன், கேபிளைப் பார்த்து 40 போன். இரண்டிலும் ஒரு போனுக்கு 100 ரூபாய்தான் ஆகிறது. போனை மட்டும் எண்ணுகிறவர் இரண்டும் சமம் என்பார், ஒருவேளை கேபிள்தான் நன்றாக வேலை செய்கிறது என்றும் சொல்வார்.

நோட்டின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். நோட்டீஸ் போனில் 6 வேலை கிடைத்தது. கேபிள் போனில் 4 வேலைதான், மற்றவர்கள் தூரத்து ஊர்க்காரர்கள், விலை கேட்டுவிட்டு வைத்தவர்கள். ஒரு வேலைக்கு நோட்டீஸில் 500 ரூபாய், கேபிளில் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. எல்லாச் செலவும் போக ஒரு வேலையில் 600 ரூபாய் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், நோட்டீஸ் தன் செலவை எடுத்து 600 ரூபாய் மிச்சம் கொடுத்திருக்கிறது. கேபிளோ 1,600 ரூபாயைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. இதற்கிடையே காசு கொடுக்காத கூகுள் மேப்பில் 18 போன் வந்து 9 வேலை ஆகியிருந்தால், அடுத்த மாதம் எதில் நேரம் செலவிட வேண்டும் என்று சொல்லவே வேண்டாம். வேலை முடித்த வாடிக்கையாளரிடம் மேப்பில் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்பதும், நான்கு நல்ல படம் ஏற்றுவதும் அந்த 4,000 ரூபாயைவிட அதிகப் பலன் தரலாம்.

ஆனாலும் ஒரே தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். 6-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். இன்னொரு சுற்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். அந்த நான்கு கேபிள் வாடிக்கையாளரும் வருடா வருடம் சர்வீஸுக்குக் கூப்பிடுகிறவர்களாக இருந்தால் கணக்கு மாறும். எனவே பழைய ஆள் திரும்ப வந்தால் அதையும் குறியுங்கள்.

ஒப்பிடும்போது மாதத்தையும் பார்க்க வேண்டும். நம் வியாபாரங்கள் பல, ரமளானையும் ஹஜ்ஜுப் பெருநாளையும் ஒட்டியே ஏறி இறங்குகின்றன. அந்த மாதங்கள் ஆங்கில வருடத்தில் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். 2024-ல் நம் மாநிலத்தில் நோன்பு மார்ச் 12-ல் தொடங்கியது, 2025-ல் மார்ச் 2-ல் தொடங்கியது. ஆகவே போன வருட மார்ச்சோடு இந்த வருட மார்ச்சை ஒப்பிட்டு "விளம்பரம் பலன் தரவில்லை" என்றால் தப்பாகிவிடும். ரமளானை ரமளானோடு ஒப்பிடுங்கள். நோட்டில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்திலேயே பிறையையும் எழுதி வைத்தால் வேலை சுலபம்.

ஆளுக்கு ஆள் வேறு வேறு காரணம் இருக்கும் என்பதும் உண்மை. முதலில் சுவரில் பார்த்திருப்பார், பிறகு கல்யாண வீட்டில் உங்கள் சமையலைச் சாப்பிட்டிருப்பார், கடைசியில் நோட்டீஸில் நம்பர் கிடைத்துக் கூப்பிட்டிருப்பார். கேட்டால் நோட்டீஸ் என்றுதான் சொல்வார். அதனால் நோட்டில் பூஜ்யம் காட்டுகிற எல்லாமே வீண் என்று கடை போர்டைக் கழற்றிவிட வேண்டாம். பெரிய செலவுள்ள ஒன்றைச் சந்தேகப்பட்டால், இரண்டு மாதம் அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். மொத்தப் போன் குறைகிறதா என்று பார்த்தால் போதும். ஃபிளக்ஸுக்கு இந்தச் சோதனை மிகவும் பொருந்தும். அனுமதியில்லாமல் வைக்கக் கூடாது என்ற சட்டமும் இருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, வண்டியில் போன ஓர் இளம்பெண்ணின் உயிரே போனது. போனைக் கொண்டு வராத ஃபிளக்ஸை வைக்காமலிருப்பது எல்லோருக்கும் நல்லது.

சலுகையைச் சொல்லிக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. 'இந்த நோட்டீஸைக் காட்டினால் விசிட்டிங் சார்ஜ் இல்லை' என்று போட்டால், காட்டுகிறவர்களை எண்ணிவிடலாம். நல்ல வழிதான். ஆனால் விலையை ஏற்றி வைத்துவிட்டுக் குறைப்பது போலக் காட்டக் கூடாது, அது வியாபாரத்தில் ஏமாற்று. சில கடைகளில் ஒவ்வொரு விளம்பரத்திலும் 'தொடர்புக்கு' என்று வேறு வேறு பெயர் போட்டு, யார் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அண்ணன் தம்பி இருவரும் கடையில் இருந்தால் ஒன்றில் அண்ணன் பெயரும் மற்றதில் தம்பி பெயரும் போடலாம். இல்லாத ஆளின் பெயரைப் போட வேண்டாம்.

நம் மஹல்லா நோன்பு நேர அட்டை, ஜமாஅத் காலண்டர், மதரஸா ஆண்டு விழா மலர், ஏன் இந்த நலச் செய்திமடலும்கூட, இவற்றில் வரும் விளம்பரங்களைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சஹருக்கும் இஃப்தாருக்கும் முப்பது நாளும் பார்க்கும் அட்டை என்பதால் சமையல், பழக்கடை, டெய்லர் தொழிலுக்கு அது நன்றாகவே போன் கொண்டு வரலாம். ஆண்டு விழா மலர் அப்படி இல்லை, ஒரு தடவை புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். அதில் முழுப் பக்கம் கொடுப்பதை நோட்டில் 'விளம்பரம்' என்று எழுதாமல் 'நன்கொடை' என்று எழுதுங்கள். நன்கொடைக்கு அதன் கூலி தனி. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் தொழில் கணக்கும் குழம்பும், "இவ்வளவு கொடுத்தும் ஒரு போன் வரவில்லையே" என்று கொடுத்த மனசும் கசக்கும். கடன் வாங்கித் தொழில் செய்கிறவர்கள் தவணை முடியும் வரை எங்கள் மடலுக்கு விளம்பரம் தர வேண்டியதில்லை.

நோட்டில் சேரும் நம்பர்கள் ஓர் அமானிதம். அதில் பெண்களின் நம்பர்களும் இருக்கும். அத்தனை பேரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இழுத்துப் போட்டால், எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சம்மதமில்லாமல் ஒருவரின் விவரத்தைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அறிவிப்பு அனுப்ப வேண்டுமானால் பிராட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்துங்கள். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், மற்றவர் நம்பர் யாருக்கும் தெரியாது. நோட்டு நிரம்பிய பிறகு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

கோடு போட்ட மாதிரித் தாள் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறோம். தேதியும் பிறையும் எழுத இடம் விட்டு, ஒரு பக்கத்துக்கு இருபது அழைப்பு எழுதும்படி இருக்கும். அலுவலகத்தில் அஸருக்குப் பிறகு வந்து வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். கடன் பெற்றவர்கள் மூன்றாவது தவணை கட்ட வரும்போது, எழுதிய தாள்களையும் எடுத்து வந்தால் உட்கார்ந்து கூட்டிப் பார்க்க உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.